வேலாயுதம் அண்ணன் தண்ணீர் ஏற்றிய நிலம்

செய்தி எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் வந்தது. எடுத்தவர் போன வருடம்தான் மாற்றலாகி வந்த இளம் எழுத்தர். பேசும் முனையைக் கையால் மூடிக்கொண்டு, "வேலாயுதம்னு ஒருத்தர் நேத்து இறந்துட்டாராம். முன்னாடி இங்க வேலை செஞ்சவராம். யாருக்காவது தெரியுமா?" என்று அறையைப் பார்த்துப் பொதுவாக மலாயில் கேட்டார். யாரும் தலை நிமிரவில்லை. அந்த அறையில் அவரை அறிந்தவள் நான் ஒருத்திதான் என்பது அப்போதுதான் உறைத்தது. தட்டச்சுப் பொறியிலிருந்து கையை எடுத்துவிட்டு, "எனக்குத் தெரியும்" என்றேன். "யார் அவர்?" என்றார் எழுத்தர். அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவரை அறிந்த உங்களுக்காகவும், அறியாத அந்தப் பிள்ளைக்காகவும் இப்போது எழுதுகிறேன்.

மலையை விட்டு மாற்றலாகிப் போன ரொம்பினில், வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். நெஞ்சுவலி. ஐம்பதைத் தொடாத வயது. நான் பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அவர் மனைவி செல்லம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மலையிலேருந்து நீ மட்டுமா வந்தே?" என்று கேட்டார்.

வேலாயுதம் அண்ணன் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். அப்பா கொழுந்து ஆலையில் வேலை, அம்மா கொழுந்து பறிப்பு. அவர் படித்து, எழுபதுகளின் நடுவில், அரசு நிலங்களைக் கவனிக்கும் எங்கள் சிறு பிரிவில் சேர்ந்தார். மலை மேல் தானா ராத்தா ஊரில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறைகள், அதுதான் அலுவலகம். மலைச்சரிவில் சும்மா கிடக்கும் அரசு நிலத்தை வருடத்துக்கு வருடம் உரிமம் கொடுத்து விவசாயத்துக்கு விடுவது எங்கள் வேலை. நிலத்தை நேரில் பார்த்து, கொடுக்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியவர் அவர். நான் அதே வருடம் தட்டச்சராகச் சேர்ந்தேன். தோட்டத்து ஜனங்கள் அவரை 'நெலத்து கிராணி' என்பார்கள். கிராணி என்றால் அவருக்குப் பிடிக்காது. "கிராணி உள்ளே உக்காந்து எழுதறவன். நான் வெளியே சேத்துல நிக்கிறவன்" என்பார்.

அவருடைய அப்பா ஓய்வு பெற்ற மாதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோட்டத்தில் வேலை இருக்கும் வரைதான் லயத்து வீடு. வேலை முடிந்தால் அடுத்த குடும்பத்துக்கு விட்டுவிட வேண்டும். அண்ணன் ஒரு லோரி பிடித்துப் போய் அம்மா அப்பாவையும், இரண்டு டிரங்குப் பெட்டிகளையும், ஒரு அம்மியையும் தன்னுடைய சிறிய வீட்டுக்குக் கொண்டுவந்தார். மறுநாள் அலுவலகத்தில் ஒன்றுமே நடக்காதது போல் இருந்தார். மதியம் தேநீர் குடிக்கும்போது மட்டும், "பார்வதி, எங்கப்பா இந்த மலையில முப்பது வருஷத்துக்கு மேல நின்னாரு. அவர் நின்ன இடம்னு காட்ட ஒரு அடி நெலம் இல்ல" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் ஓய்வு பெற்ற தோட்டத்துக்காரர்கள் நிலம் கேட்டு வந்தால், அவர்களுடைய விண்ணப்பத்தை அவர் ஒரு நாளும் மேசையில் தூங்கவிட்டதில்லை.

அப்படி வந்தவர்கள்தான் கன்னியம்மாவும் அவர் கணவர் முத்தையாவும். இருவரும் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர்கள். பிள்ளை மலைக்குக் கீழே ஈப்போ நகரில் கடையில் வேலை பார்த்தான். அவன் வாடகை அறையில் இவர்களுக்கு இடமில்லை. கம்போங் ராஜா போகும் வழியில், தேயிலை முடிகிற இடத்துக்கும் ஓடைக்கும் நடுவில், யாரும் வேண்டாம் என்று விட்ட செங்குத்தான ஒரு துண்டு நிலம். அதை அவர்களுக்கும், அவர்களைப் போன்ற இன்னும் சில குடும்பங்களுக்கும் அண்ணன் பரிந்துரை செய்து உரிமம் வாங்கித் தந்தார். பலகை வீடுகள் போட்டு, படிப்படியாக மண் வெட்டி, கீரையும் கோபிஸ் என்கிற முட்டைக்கோஸும் போட்டார்கள். ஒரே குறை தண்ணீர். மற்ற தோட்டங்களுக்கு மேலேயிருந்து ஓடை குழாயில் தானாக இறங்கி வரும். இவர்களுக்கு ஓடை கீழே இருந்தது. சுமந்து ஏற்ற வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் டாக்டர் ஜமிலா என்ற பல்கலைக்கழக ஆய்வாளர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடுகளைப் பற்றி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். தகடுகளை உயரமான கால்களில் நிறுத்தி, அடியிலேயே பயிர் செய்யலாம், அந்த மின்சாரத்தில் பம்பு ஓட்டித் தண்ணீர் ஏற்றலாம் என்பது அவருடைய எண்ணம். சோதனைக்குக் கொஞ்சம் அரசு நிலம் கேட்டார். கன்னியம்மா குடும்பங்கள் இருந்த அந்தச் சரிவுதான் பேச்சில் வந்தது. அதற்காக ஒரு கூட்டம் போட்டார்கள். குறிப்பெடுக்க நான் உட்கார்ந்திருந்தேன். பேச்செல்லாம் மலாயில். நினைவில் நிற்பதைத் தமிழில் தருகிறேன்.

காட்டு இலாகாவிலிருந்து வந்த பெரியவர், "இரும்புக் கால் ஊன்றினவன் திரும்பப் பிடுங்க மாட்டான். இன்னைக்குத் தகடு, நாளைக்குக் கூரை, அதுக்கப்புறம் வீடு" என்றார். விவசாயப் பகுதிக்காரர், "இங்க வெயிலே காலையில கொஞ்ச நேரம்தான். அதையும் மறைச்சுட்டா கீழே என்ன முளைக்கும்?" என்றார். வடிகால் பார்ப்பவர், மழைத் தண்ணீர் தகட்டின் ஓரத்தில் ஒரே கோடாக விழுந்து சரிவை அறுத்துவிடும் என்றார். எங்கள் மேலதிகாரிக்கு வேறு கவலை. "இது விவசாயமா, தொழிலா? விவசாயம்னா தகடு எதுக்கு? தொழில்னா கீரை எதுக்கு? கோப்பை எந்த அலமாரியில வைக்கிறது?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அவர்களை முட்டாள்கள் என்று இன்று சொல்வது எளிது. நான் சொல்லமாட்டேன். நிலம் சரிந்து லயத்தை மூடியதைப் பார்த்தவர்கள் அவர்கள். ஒவ்வொருவரும் தன் வேலையில் கண்டு பயந்ததைத்தான் சொன்னார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் வேலாயுதம் அண்ணன் ஒருவர்தான் நிலத்தை விட்டுவிட்டு ஆட்களைப் பற்றிப் பேசினார்.

"தண்ணி ஏறிடுச்சுன்னா இந்த நிலத்தை இவங்க கையில விட்டு வைப்பாங்களா?" என்றார்.

"யார் வந்து எடுக்கப் போறா? ஆடு நிக்காத சரிவு" என்றார் மேலதிகாரி.

"இப்ப நிக்காது. அதனாலதான் இவங்ககிட்ட இருக்கு. நல்லா இருக்கிற நிலத்துக்கு ஆள் வராம இருந்து நான் பார்த்ததில்ல, துவான்" என்றார் அண்ணன். துவான் என்றால் ஐயா.

டாக்டர் ஜமிலாவுக்கு முகம் வாடிவிட்டது. அந்தக் கோணத்திலிருந்து அதுவரை யாரும் அவரை எதிர்த்துப் பேசியதில்லை. "நீங்க ஒரு தடவை என்கூட அந்த இடத்துக்கு வாங்க" என்று மட்டும் கேட்டார். அண்ணன் ஒப்புக்கொண்டார். டாக்டர் பெண் என்பதால் துணைக்கு என்னையும் அனுப்பினார்கள்.

நாங்கள் போய் நின்றபோது கன்னியம்மா ஓடையிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார். தோளில் கம்பு, இரு பக்கமும் தகர டின். ஒரு முழங்கால் மடங்காது. கடைசிப் படியில் சறுக்கி, ஒரு டின் தண்ணீர் முழுக்கக் கொட்டிப்போனது. எங்களைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"ஒரு நாளைக்கு எத்தன நடைம்மா?" என்று கேட்டார் அண்ணன்.

"எண்ணுனா ஏற முடியாதுங்கய்யா."

அண்ணன் கம்பை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினார். திரும்பி மேலே வர வெகுநேரம் ஆயிற்று. சட்டை முதுகில் ஒட்டிக் கிடந்தது. டின்களை இறக்கி வைத்துவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்தார். மூச்சு அடங்கியதும் டாக்டரைப் பார்த்து மலாயில், "போடலாம்" என்றார். அவ்வளவுதான். கூட்டத்தில் அத்தனை பேருடைய வாதத்துக்கும் அசையாதவரை அந்தத் தண்ணீர் அசைத்துவிட்டது.

ஆனாலும் பயம் அவரை விட்டுப் போகவில்லை. உரிமமும் தகடுகளும் இரண்டுமே அந்தக் குடும்பங்கள் பெயரில் இருக்க வேண்டும், நிலத்தை நீண்ட காலத்துக்குக் கொடுக்க வேண்டும், அதன் பிறகுதான் கால் ஊன்ற வேண்டும் என்று மேலதிகாரியிடம் கேட்டார். "இது சோதனைதானே, வேலாயுதம். சோதனை முடியட்டும். பிறகு பார்க்கலாம்" என்றார் மேலதிகாரி. டாக்டர் ஜமிலாவும், தகடுகள் வந்து கிடங்கில் கிடக்கின்றன, தாமதித்தால் வேறு மாநிலத்துக்குப் போய்விடும் என்றார். அண்ணன் அன்று மாலை வரை யோசித்துக்கொண்டிருந்தார். என்னிடம் வந்து, "இவங்க சொல்ற 'பிறகு'வை நம்பலாமா, பார்வதி?" என்று கேட்டார். நான், "கன்னியம்மா காலு பிறகுவரைக்கும் தாங்காதுண்ணே" என்றேன். அவர் சம்மதித்தார்.

தகடுகள் வந்து இறங்கிய நாளில் அந்தச் சரிவில் ஒரே கூட்டம். கன்னியம்மாவுக்கு அவை 'வெயில் கண்ணாடி'. "இது இடிய இழுக்காதாய்யா?" என்று தள்ளி நின்றே கேட்டார். முத்தையாவுக்குப் பேச்சு குறைவு. காலையில் வெயில் பட்டதும் பம்பு இரைந்தது. மேல் படியில் நீட்டியிருந்த குழாய் இருமியது, காற்றைத் துப்பியது, பிறகு தண்ணீர் வந்தது. முத்தையா இரண்டு கைகளையும் குழாய்க்குக் கீழே ஏந்தி, அப்படியே முகத்தில் அடித்துக்கொண்டார். குடித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. கன்னியம்மா ஓடிப்போய்க் கற்பூரம் எடுத்துவந்து பம்புக்குச் சூடம் காட்டினார். டாக்டர் ஜமிலா மரியாதையாகத் தள்ளி நின்றார். அண்ணன் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான்.

வடிகால்காரர் சொன்னது பலித்தது. முதல் பெருமழையிலேயே தகட்டு ஓரம் மண்ணை அறுத்துவிட்டது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமை போய், மூங்கிலைப் பிளந்து தாவாரம் கட்டி, தண்ணீரைப் பக்கத்து வாய்க்காலுக்குத் திருப்பினார். விவசாயக்காரர் சொன்னது பலிக்கவில்லை. கோபிஸ் சுமாராகத்தான் வந்தது. ஆனால் மென்மையான கீரை வகைகள் தகட்டு நிழலில் மழை அடிபடாமல் தளதளவென்று வந்தன. பனிமூட்டம் வந்தால் பம்பு நின்றுவிடும். அதைப் பற்றிக் கேட்டால் கன்னியம்மா, "மேகம் வந்தா அது தூங்குது. அதப் பாத்து நானும் கொஞ்சம் சாயறேன் லா. கொழுந்து மலையில யாரு நம்மள சாய விட்டா?" என்பார். தகட்டைத் துடைக்கப் பழைய சேலைத் துணி ஒன்றை வேலியில் மடித்துப் போட்டிருந்தார். அவர் முழங்கால் வீக்கம்கூடக் குறைந்தது.

அந்த நிலத்தைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து தோட்டக்காரர்கள் வந்தார்கள். அதிகாரிகள் வந்து தகட்டுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் கீழ்நாட்டிலிருந்து பூ வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனியின் ஆள் வந்தார். கையில் நல்ல குடை, காலில் நல்ல சப்பாத்து. கன்னியம்மா பெருமையோடு அவரை ஓடை வரைக்கும் கூட்டிப்போய், தண்ணீர் எங்கே எடுக்கிறது, எங்கே ஏறுகிறது என்று எல்லாவற்றையும் காட்டினார். போகும்போது ஒரு கட்டுக் கீரையும் கொடுத்தனுப்பினார். நாங்கள் அப்போதுதான் போய்ச் சேர்ந்தோம். அந்த ஆள் காரில் ஏறுவதை அண்ணன் பார்த்தார். "யாரும்மா அது?" என்று கேட்டார். "தெரியலைங்கய்யா. நல்ல மனுசன். ரொம்ப நேரம் நின்னு கேட்டாரு" என்றார் கன்னியம்மா. அண்ணன் முகம் மாறியது.

உரிமத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்தது. அதற்குள் மேலதிகாரி மாறியிருந்தார். புதியவர் கெட்டவர் அல்ல, மேலேயிருந்து வந்ததைக் கீழே தள்ளுகிறவர். கூட்டத்தில் ஓடையோரத் துண்டு நிலம் என்று வந்ததும், அந்தக் குடும்பங்களுக்கு உரிமம் இனி இல்லை என்றார். மொத்த நிலமும் பூ வளர்க்க அந்தக் கம்பெனிக்கு நீண்ட காலக் குத்தகையில் போகிறது. தண்ணீர் வசதி உள்ள நிலத்தைச் சில்லறைக் கீரைக்கு விட்டு வைப்பது வீண் என்று மேலிடம் நினைப்பதாகச் சொன்னார்.

அண்ணன் எழுந்து நின்றார். "அந்தத் தண்ணி வசதி எப்படி வந்துச்சு, துவான்? அது அவங்களுக்காக வந்தது."

"உரிமத்துல நிலையான கட்டுமானம் கூடாதுன்னு இருக்கு, வேலாயுதம். அங்க இரும்புக் கால் ஊன்றியிருக்கு. நிபந்தனை மீறல்."

"ஊன்றச் சொன்னது நாம. அது சோதனை."

"சோதனை முடிஞ்சுபோச்சு."

"அப்ப 'பிறகு பார்க்கலாம்'னு சொன்னது?"

"அது எனக்குத் தெரியாது. நான் அப்ப இங்க இல்ல. உட்காருங்க."

அண்ணன் உட்காரவில்லை. அடுத்த விஷயத்தைப் பேசி, அதற்கடுத்ததையும் பேசி முடிக்கும் வரை நின்றுகொண்டே இருந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அவர் நின்றதைக் குறிப்பில் எழுத முடியாது. கூட்டம் கலைந்த பிறகு காட்டு இலாகாப் பெரியவர் அவரிடம் வந்து, "நான் வேண்டாம்னு சொன்னது வேற காரணத்துக்கு. இப்படி ஆகணும்னு சொல்லல" என்றார். "தெரியும், துவான்" என்றார் அண்ணன். இருவரும் சேர்ந்தே மாடிப்படி இறங்கினார்கள்.

அறிவிப்பைக் கொடுக்க ஆள் அனுப்பியிருக்கலாம். அண்ணன் தானே போனார். நானும் போனேன், யாரும் என்னை அனுப்பவில்லை. நல்ல வெயில் காலை. பம்பு ஓடிக்கொண்டிருந்தது. கன்னியம்மா எங்களைக் கண்டதும் கோப்பி போட அடுப்பை ஊதினார். அண்ணன் வேண்டாம் என்றார். மலாயில் இருந்ததைத் தமிழில் சொன்னார். சொல்லச் சொல்ல, சரிவில் இருந்த மற்ற குடும்பங்களும் வந்து கூடிவிட்டன. முத்தையா பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கன்னியம்மா கத்தவில்லை, சாபம் விடவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, பேரம் பேசுகிற குரலில், "அய்யா, கண்ணாடியாலதானே பிரச்சன? அத எடுத்துக்கிட்டுப் போயிருங்க. பம்பையும் எடுத்துக்குங்க. நெலத்த மட்டும் விட்டுருங்க. நாங்க முன்ன மாரி தூக்கிக்கிறோம்" என்றார்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. "கேட்டுப் பாக்கறேம்மா" என்றார். அப்படியே திரும்பி நடந்து, அலுவலகத்துக்கு வந்து, மேலதிகாரியின் கதவைத் தட்டாமலே உள்ளே போனார். வெளியில் இருந்த எனக்கு அவர் குரல் மட்டும் கேட்டது. அதட்டல் இல்லை, கெஞ்சல். அவர் கெஞ்சி நான் கேட்டதில்லை. வெளியே வந்து தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தார்.

குறித்த நாளில் அந்தக் குடும்பங்கள் இறங்கின. சாமான்களை லோரியில் ஏற்ற அண்ணனும் கை கொடுத்தார். அவர் பெட்டியைத் தூக்க வந்தபோது ஓர் இளைஞன், "இப்ப எதுக்கு சார் தூக்குறீங்க?" என்று கேட்டான். அதற்குப் பிறகும் தூக்கினார். தேயிலையில் அன்று பறிப்பு நாள். பெண்கள் கூடையோடு நிமிர்ந்து பார்த்தார்கள். லோரி வளைவு திரும்பியதும் குனிந்துகொண்டார்கள்.

பூக் கம்பெனி வந்து தகடுகளைப் பிடுங்கிவிட்டு டீசல் பம்பு வைத்தது. நிழல் பூவுக்கு ஆகாதாம். பிடுங்கிய தகடுகள் அரசு உடைமை என்பதால் எங்கள் மாடிப்படிக்குக் கீழே வந்து சேர்ந்தன. சிலது உடைந்திருந்தது. டாக்டர் ஜமிலா ஒருமுறை வந்து பார்த்தார். 'மலை நிலத்துக்கு இம்முறை ஏற்றதல்ல' என்று மேலிடம் முடிவு எழுதிவிட்டதை அவருக்குக் காட்டினோம். "விளைச்சல் பத்தி நான் எழுதலாம். பம்பு பத்தி எழுதலாம். இங்க நடந்ததை எழுத என் கட்டுரையில இடமே இல்லை" என்றார். அண்ணன் அவரைக் குறை சொல்லவில்லை. பஸ் நிலையம் வரைக்கும் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிட்டு வந்தார்.

அதற்கடுத்த தீபாவளிக்கு முன்னால் அவர் ஈப்போவுக்குப் போய்க் கன்னியம்மாவைத் தேடிக் கண்டுபிடித்தார். முத்தையாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மகனுடைய ஒற்றை அறையில் படுத்திருந்தார். கன்னியம்மா ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவிக்கொண்டிருந்தார். அண்ணன் பழம், புதுச் சேலை எல்லாம் வாங்கிப் போயிருந்தார். கடையின் பின்பக்கம் நின்று பேசினார்களாம். திரும்பி வந்த மறுநாள் என்னிடம் சொன்னார்: "சேலைய வாங்கிக்கிச்சு, பார்வதி. கும்பிட்டுச்சு. அப்புறம் சொல்லுச்சு, 'இனிமே வராதீங்கய்யா. உங்க மேல கோவம் இல்ல. உங்களப் பாத்தா அந்தக் கொழாத் தண்ணி சத்தம் கேக்குது'ன்னு."

அவர் போகவில்லை. முத்தையா இறந்த செய்தி வந்தபோதும் போகவில்லை. வாசலில் தலைமுழுகிவிட்டு வேலைக்கு வந்தார்.

பிறகு அவராகவே மாற்றல் கேட்டார். "எங்க குடுத்தாலும் சரி, மலை வேணாம்" என்று எழுதினார். ரொம்பின் கிடைத்தது. நாங்கள் சிறிதாக ஒரு விருந்து வைத்தோம். பேசச் சொன்னபோது எழுந்து, "இந்த மலையில நான் ஒரு நல்ல காரியம் செஞ்சேன்னு நெனச்சேன். நல்ல காரியத்த பாதியில விட்டா அது கெட்ட காரியத்த விட மோசம். கெட்டது செய்யிறவன்கிட்ட ஜனங்க உசாரா இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கைதட்டலாமா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை.

அவரைக் கடைசியாகப் பார்த்தது ஒரு கல்யாணத்தில். உறவுக்காரப் பெண் கல்யாணம் என்பதால் மலைக்கு வந்தே தீர வேண்டியதாகிவிட்டது. கம்போங் ராஜா பக்கம் போகும் காரில் ஏறமாட்டேன் என்று பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். ஆறுதலாக இருக்கட்டுமே என்று நான், "சூரியத் தகடும் பயிரும் ஒண்ணா வைக்கலாம்னு இப்ப எங்கெங்கேயோ பேசறாங்களாம்ண்ணே. நீங்க அப்பவே செஞ்சு காட்டிட்டீங்க" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சூரியன் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, பார்வதி. அது பாட்டுக்கு எல்லாருக்கும் அடிக்குது. நெலத்தப் பங்கு போடற நம்ம கைதான் சரியில்ல. கை சரியில்லாத எடத்துல எத கொண்டு வந்து வச்சாலும், வச்ச எடத்துல இருக்கிறவன்தான் மொதல்ல வெளிய போவான்" என்றார். பஸ் வந்தது, ஏறிப்போனார்.

சிலர் என்னிடம், வேலாயுதம் ரொம்ப மென்மையானவர், அதனால்தான் தாங்க முடியவில்லை என்கிறார்கள். அது சரியல்ல. அவர் கடுமையானவர். வேலி நகர்த்தியவர்களை அவர் விட்டதில்லை, பழக்கம் பார்த்ததில்லை. அவரை உடைத்தது மென்மை அல்ல. நடக்கப் போவதை முதல் நாளே சரியாகச் சொன்னவர் அவர். அது தெரிந்தும், ஒரு பெண் தண்ணீர் சுமப்பதைப் பார்த்து ஒப்புக்கொண்டவர். தான் சொன்னது சரியாகிப்போனதை அவரால் மன்னிக்க முடியவில்லை. இதற்கு வைத்தியம் எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை.

ரொம்பினில் செல்லம் அக்கா என்னிடம் அவருடைய பொருள் ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் ஒன்றும் எடுக்கவில்லை. அவரிடமிருந்து எனக்கு வேண்டியதை அவர் இருந்த காலத்திலேயே எடுத்துக்கொண்டுவிட்டேன். அதை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் நிலம் கேட்டு வருபவர்களுக்கு இல்லை என்று யாரும் சொல்வதில்லை. அடுத்த வாரம் வாருங்கள் என்போம். அவர்கள் வருவார்கள், மறுபடி அடுத்த வாரம் என்போம். பஸ் காசு தீர்ந்து அவர்களாக நிற்கும் வரை. வேலாயுதம் அண்ணன் ஒருவர்தான், கிடைக்காது என்று தெரிந்தால், முகப்பு மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, அவர்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, "கெடைக்காதும்மா. அலையாதீங்க" என்று சொல்வார். சொல்லிவிட்டு எழுந்து போய்விடமாட்டார். அவர்கள் அழுதாலும் திட்டினாலும் முடியும் வரை கூடவே உட்கார்ந்திருப்பார்.

போன செவ்வாய்க்கிழமை தோட்டத்தில் ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் வந்தார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் அடையாள அட்டைகளும், விளக்க முடியாத நம்பிக்கையும். எழுத்தர் அடுத்த வாரம் வரச் சொன்னார். நான் தட்டச்சுப் பொறியை விட்டு எழுந்து வெளியே போய், அந்தப் பெஞ்சில் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிடைக்காது என்று சொன்னேன். அந்த அம்மா நெடுநேரம் அழுதார். என்னிடம் கொடுக்க ஒன்றுமில்லை. உட்கார்ந்திருந்தேன்.